தையல் சத்தம் கலந்த பாட்டுகள்

பல்செட் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் தெரியும். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, மெழுகில் பல்வரிசை செதுக்கி, பொய்ப்பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருட வேலை. "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் கைவேலை" என்று வீட்டில் பீற்றிக்கொள்வாள். அவள் கணவர் பஸ் ஓட்டுநர். "மீதிப் பாதிப் பேர் என் பஸ்ஸைத் தவறவிட்டுட்டுப் பல்லைக் கடிக்கிறவங்க" என்பார்.

மெழுகுக் கத்தியைக் கையில் எடுத்தால் காதில் பாட்டு ஓடியாக வேண்டும் அவளுக்கு. போனில் ஓர் ஆப்பில் நானூறு பழைய பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் கிடந்தன. தொட்டால் 'இப்போது கிடைக்காது' என்று வந்தது. எதிர் மேசையில் கூடத்தின் கணினிகளைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்காரர் இருந்தார். அவளைவிட நாலு வயது மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான்.

"அது உங்க பாட்டே இல்லக்கா. இரவல் வாங்கிக் கேட்டுட்டு இருந்தீங்க, திருப்பி வாங்கிட்டாங்க" என்றார்.

"அப்ப என் பாட்டுன்னு எதைத்தான் சொல்றது?"

"வீட்டுலயே ஒரு சர்வர் போடுங்க. பழைய லேப்டாப் போதும். உங்ககிட்ட இருக்கிற பாட்டை அதுல ஏத்திட்டா, எங்க இருந்தாலும் போன்ல கேக்கலாம். ஒருத்தரும் பிடுங்க முடியாது."

"என்கிட்ட கேசட்தான் இருக்கு. எழுபத்திரண்டு."

கம்ப்யூட்டர்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

அந்தக் கேசட்டுகள் அப்பாவுடையவை. அப்பா தையல்காரர். கடையில் ஒரு ரேடியோவும் ஒரு டேப்ரெக்கார்டரும் இருந்தன. இரண்டையும் இணைக்க வயர் கிடையாது. ரேடியோவுக்கு முன்னால் டேப்ரெக்கார்டரைக் கொண்டுபோய் வைத்து, நல்ல பாட்டு வந்தால் பட்டனை அழுத்துவார். பாட்டோடு சேர்ந்து கடையும் பதிவாகிவிடும். அவளுக்குப் பன்னிரண்டு வயதும் தம்பிக்கு இரண்டு வயதும் நடந்தபோது, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. கடை போனது, மெஷின் போனது. கேசட் பெட்டியை மட்டும் அவள் விடவில்லை. வீடு மாறும்போதெல்லாம் மடியில் வைத்தே கொண்டுபோனாள்.

கூடத்தில் ஓரங்கட்டிய, கீல் உடைந்த லேப்டாப் ஒன்று வீட்டுக்கு வந்தது. இணையப் பெட்டி இருந்தது செருப்பு அலமாரி மேல் என்பதால் சர்வருக்கும் அங்கேயே இடம். "என் செருப்புக்கு வந்த யோகத்தைப் பாரு!" என்றார் கணவர். கம்ப்யூட்டர்காரர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துத் தட்டியும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அது அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், விட்டுப்போனது ஒரே ஒரு புள்ளி என்று தெரிந்தது. "ஒரு புள்ளிக்கு இவ்வளவு ரோஷமா?" என்று திட்டினாலும், அவளுக்கு அது பிடித்துப்போனது. பல்செட்டும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் பிசகினால் வாய் மூடாது.

கேசட்டை ஏற்றக் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட் ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நாடாவை அழுத்தும் பஞ்சு உதிர்ந்த கேசட்டுகளைத் திறந்து, மெழுகுக் கத்தி முனையால் புதுத் துண்டு ஒட்டினாள். பாட்டுக்கு நடுவே தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. கத்தரி விழுந்தது. யாரோ இருமினார்கள். திடீரென்று அப்பா, "எழுதிக்கம்மா. தோள் பதினாறு. இடுப்பு முப்பத்திரண்டு" என்றார். சமையலறையில் நின்றிருந்த அவள் கை, பென்சில் பிடிப்பதுபோல் தானாகக் குவிந்தது.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டர்காரர் கொடுத்தார். ஒரு பாட்டில் போட்டுப் பார்த்தாள். கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று வந்தது. மெஷின் இல்லை. கத்தரி இல்லை. அப்பாவும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் கணவர்.

"பாட்டு நல்லாருக்கு. கடையைக் காலி பண்ணிட்டாங்க" என்று அதை அழித்தாள்.

தம்பி கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவனுக்கும் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் போட்டு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, பாட்டெல்லாம் சூப்பர். ஆனா நடுவுல ஒரு ஆளு வந்து இடுப்பு முப்பத்திரண்டுங்கிறாரே, யாரு அது?"

இவனுக்கு அந்தக் குரல் தெரியாது என்பது இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"அது நம்ம அப்பாடா."

"நான் கொஞ்சம் கட்டையான குரலா இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான்.

அன்றிலிருந்து அவள் வேலை மாறியது. அப்பா பேசும் இடங்களை எல்லாம் குறித்துத் தனிப்பட்டியல் போட்டாள். பெரும்பாலும் அளவுகள்தான். 'நாளைக்கு வாங்க' என்பது மட்டும் முப்பது தடவைக்கு மேல் வந்தது. தையல்காரர் சொல்லும் அந்த நாளை எப்போது வரும் என்று தம்பி கேட்டுச் சிரித்தான்.

ஐம்பத்தெட்டாவது கேசட்டில், ஒரு பாட்டின் பாதியில் குழந்தை வீறிட்டு அழுதது. மெஷின் நின்றது. "மேனேஜர் சார், அழக்கூடாது. உங்க சட்டையைத்தானே தச்சிட்டிருக்கேன்? இந்தாங்க, நூல்கண்டு பிடிங்க." அழுகை விக்கலாகி, விக்கல் சிரிப்பானது. மெஷின் மறுபடி ஓடியது.

அதைப் பட்டியலில் ஏற்றினாள். யார் எதைக் கேட்கிறார்கள் என்பதைச் சர்வர் காட்டும். மறுநாள் மத்தியானம் வேலை மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்திருந்தாள். தம்பியின் பெயருக்கு எதிரே அந்தப் பாட்டு வந்தது. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. ஏழாவது தடவை ஓடும்போது அவள் கையிலிருந்த மெழுகு இறுகிப்போயிருந்தது.

அவன் கூப்பிடவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அது நான்தானே அக்கா?"

"நீயேதான். கடையில ஒரே ஒரு நாற்காலி. அதுல உன்னைத்தான் உக்கார வைப்பாரு. வர்றவங்க எல்லாம் நின்னுக்கிட்டே அளவு கொடுப்பாங்க."

"சட்டை என்ன கலர்?"

"மஞ்சள். பெரிய பாக்கெட் ஒண்ணு. நீ நூல்கண்டைப் போட்டு வச்சுப்ப."

"இன்னும் சொல்லு" என்றான் தம்பி. அவள் செருப்பு அலமாரிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கடையின் கதவிலிருந்து ஆரம்பித்தாள்.