ஆரஞ்சுப் பட்டை போட்ட பன்னிரண்டு பைன்கள்

வெர்னா டாலிவர் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். அமெரிக்காவில், கிழக்கு ஆரிகனின் அந்தப் பள்ளத்தாக்கில் அவள் அதட்டலுக்கு அடங்கி உட்காராத ஆளே கிடையாது. அவளுக்கு எண்பது ஏக்கர் காடு. மேலே அரசாங்கக் காடு, கீழே மரக் கம்பெனிக் காடு, நடுவில் இவள். காட்டுத்தீ எல்லைக்கல் பார்த்தா வருகிறது? அதனால் மூன்று தரப்பும் ஒரு கமிட்டி போட்டு, நெருக்கியடித்து வளர்ந்த சின்ன மரங்களை ஒரே திட்டமாக வெட்டுவது என்று முடிவெடுத்தார்கள். தீயைத் தாங்கும் பெரிய பைன் மரங்களை விட்டுவிட வேண்டும்.

வெர்னா அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அரசாங்கக் காட்டுல மரத்துக்கு ஆரஞ்சுப் பெயிண்ட்ல பட்டை போட்டா 'விட்டுடு'ன்னு அர்த்தம். கம்பெனிக் காட்டுல 'வெட்டு'ன்னு அர்த்தம். என் காட்டுக்கு எது? முதல்ல அதைப் பேசி முடிங்க."

"நல்ல யோசனை" என்றார் தலைவர் டுவைட் ஹல்ஸ், வனத்துறை அதிகாரி. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதோடு சரி.

செப்டம்பரில் வனத்துறை ஆள் வந்து அவளுடைய பன்னிரண்டு பெரிய பைன்களுக்கு ஆரஞ்சுப் பட்டை போட்டுவிட்டுப் போனான். வெட்ட வந்ததோ கம்பெனியின் இயந்திரம்; ஓட்டி வந்தவன் ரஸ்டி. வெர்னா டவுனில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியபோது ஏழு மரங்கள் தரையில் கிடந்தன. சின்னதுகள் ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

"டேய் ரஸ்டி! நிறுத்துடா!"

"ஆரஞ்சு போட்டதைத்தானே வெட்டுறேன், மிஸ் வெர்னா? இதுல என் தப்பு என்ன?"

அவன் தப்பு இல்லைதான். அதுதான் வயிற்றெரிச்சல். முன்னூறு வருஷத் தீயெல்லாம் தின்ன முடியாத மரங்கள்! பாவிகள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வாய் வரவில்லையே!

மறுநாள் காலை கமிட்டி கூடியது.

"வருத்தமா இருக்கு வெர்னா. தகவல் சரியாப் போய்ச் சேரல. அடுத்த வருஷத் திட்டத்துல சேர்த்துக்கலாம்" என்றார் ஹல்ஸ்.

"எங்க பக்கம் எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு" என்றாள் கம்பெனிக்காரி மார்சி.

வெர்னா பழைய குறிப்பேட்டைப் புரட்டி உரக்க வாசித்தாள்: "'வெர்னாவின் ஆலோசனை நன்றியுடன் குறித்துக்கொள்ளப்பட்டது.' உங்க நன்றியைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!"

ஹல்ஸ் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். வெர்னா பேனாவைப் பிடுங்கினாள்.

"டுவைட், நீயும் என் பஸ்ல வந்தவன்தான். எழுதினது போதும், எழுந்திரு. இன்னும் அஞ்சு மரம் நிக்குது. அதுல இருக்கிற ஆரஞ்சைச் சுரண்டு. வெட்டுற மரத்துக்கு மட்டும் நீலம், மூணு காட்டுலயும். இன்னைக்கே. இல்லேன்னா நடுவுல இருக்கிற என் எண்பது ஏக்கரை மறந்துடுங்க."

போனார்கள். ஹல்ஸ் சுரண்டினார், மார்சி நீலம் பூசினாள். மத்தியானத்துக்குள் ஹல்ஸுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பக்கத்தில் அகலமாக, வழவழவென்று ஒரு பைன் அடிக்கட்டை இருந்தது, முந்தின நாள் சாய்ந்த ஏழில் ஒன்று. கையை ஊன்றி மெல்ல அதில் உட்காரப் போனார்.

"அதுல உட்காராதே" என்றாள் வெர்னா.

ஹல்ஸ் சாயங்காலம் வரை நின்றுகொண்டே வேலை செய்தார்.