ஒரு நிமிஷத்தின் சராசரி

வத்தல்மலையிலிருந்து தர்மபுரிக்கு வரும் காலைப் பேருந்து ஒன்பதே காலுக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ஜெயபிரியா கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அது அப்படி வந்து சேரவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு இறங்கி, டவுன் பஸ்ஸைப் பிடித்து, மூச்சு வாங்க அவள் வகுப்புக்குள் நுழையும்போது முதல் மணிநேரம் முடியப்போகும். அவள் எடுத்திருந்த பாடம் புள்ளியியல். முதல் மணிநேரமும் புள்ளியியல்தான்.

பாடம் எடுத்தவர் மலர்விழி மேடம். “மலையிலருந்து வர்றது புரியுதும்மா. ஆனா நடத்தின பாடத்தத் திரும்ப எப்ப நடத்தறது?” என்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஜெயபிரியாவுக்கு இருக்கும். விடுதியிலும் இடமில்லை. முதல் இன்டர்னல் தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கினாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஒன்பது நல்ல மதிப்பெண்ணா என்று கேட்கக்கூட வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

பஸ் தாமதத்துக்குக் காரணம் கொண்டை ஊசி வளைவுகள் என்றுதான் மலையில் எல்லோரும் சொல்வார்கள். கண்டக்டர் சின்னராஜும் அதையே சொல்வார்.

இரண்டாம் செமஸ்டரில் மேடம் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு விஷயத்தை எடுத்து, முப்பது நாள் கவனித்து, சராசரியும் விலக்கமும் கண்டுபிடித்து வகுப்பில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தக்காளி விலை, கிரிக்கெட் ரன் என்று போனார்கள். ஜெயபிரியா பஸ்ஸை எடுத்துக்கொண்டாள். எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம், ஏன் நின்றது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள்.

“என்னா பாப்பா, எம்மேல கம்ப்ளைன்ட் எழுதறியா?” என்று சின்னராஜ் எட்டிப் பார்த்தார்.

“காலேஜுக்குங்கண்ணா. உங்க பேரே இல்லீங்க.”

முப்பது நாள் முடிந்து கூட்டிப் பார்த்தபோது வளைவுகள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவற்றைக் கடக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. நேரம் போனதெல்லாம் நிறுத்தங்களில். அதிலும் முதலிடம் அவளுடைய சொந்த ஊருக்கு. அங்கே பஸ்ஸை நிறுத்தி வைத்தவர் அவளுடைய அப்பா கரியன்.

கரியன் அக்கம்பக்கத்தில் மிளகும் புளியும் வாங்கி, மூட்டை கட்டி, தர்மபுரி மண்டிக்குக் கொண்டுபோகிறவர். பஸ் வந்து நின்ற பிறகுதான் கடைசி மூட்டையின் வாயைத் தைப்பார். “ஒரு நிமிசங்க, ஒரே நிமிசம்!” என்று வீட்டிலிருந்து குரல் மட்டும் வரும். முப்பதில் இருபத்திரண்டு நாள் அவர் பஸ்ஸில் வந்திருந்தார். அந்த நாட்களில் அவருடைய ஒரு நிமிஷத்தின் சராசரி பதினோரு நிமிஷம். அவர் வராத எட்டு நாட்களில் பஸ் இரண்டே நிமிஷத்தில் கிளம்பியிருந்தது.

அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். வகுப்பில் உள்ளபடியே சொன்னாள். “காரணம், எங்கப்பா” என்றதும் வகுப்பே சிரித்தது, மேடமும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “விலக்கம் எவ்வளவு?” என்று கேட்டார். “மூணு மேடம்,” என்றாள் சட்டென்று.

அன்று மாலை நோட்டை அப்பாவிடமும் காட்டினாள். எழுத்து வராவிட்டாலும் எண்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

“பெத்த அப்பனயே காலேஜ்ல கொண்டுபோயி நிறுத்திட்டு வந்துட்டியா?”

அம்மா கருப்பி அடுப்படியிலிருந்து சிரித்தாள். “இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து நானுந்தான் சொல்றேன். எனக்கு நம்பர் போட்டுச் சொல்லத் தெரியல.”

கரியன் இரண்டு நாள் மகளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் நிறுத்தத்துக்குப் போனபோது, தைத்து முடித்த மூட்டைகளின்மேல் அவர் முன்பே உட்கார்ந்திருந்தார். பஸ் கண்ணுக்கே தெரியவில்லை.

“ஏம்மா, எங்க உன் பஸ்ஸு?” என்றார் மிடுக்காக.

அதோடு நின்றாரா? அடுத்த நிறுத்தத்தில் மாதம்மாள் கூடையோடு ஓடி வந்து, “ஒரு நிமிசம் இருங்க!” என்றதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “உன் நிமிசம் எத்தன நிமிசம்னு எம்பொண்ணு நோட்டுல இருக்குது. ஏறு சீக்கிரம்!” அதற்குக் கீழேயும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே சத்தம்தான். ஜெயபிரியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு மாதத்துக்குள் பஸ் ஒன்பது இருபதுக்கே வந்து சேரத் தொடங்கியது. “டிரைவரு டீ குடிக்க டைம் கிடைச்சுது,” என்று சின்னராஜ் சந்தோஷப்பட்டார்.

முதல் மணிநேரம் முழுதாகக் கிடைத்ததால் எல்லாம் ஒரேயடியாகப் புரிந்துவிடவில்லை. முதல் செமஸ்டரில் தவறிய தாளை இரண்டாவது முறை எழுதி நூற்றுக்கு நாற்பத்தாறு வாங்கித் தேறினாள். புரியாததைக் கைதூக்கிக் கேட்கப் பழகினாள். மூன்றாம் ஆண்டில் எழுபதைத் தாண்டினாள். வகுப்பில் ஆறாவது இடம்.

இப்போது சேலத்தில் எம்.எஸ்சி. படிக்கிறாள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். முதல் தேர்வில் நிகழ்தகவு சறுக்கிவிட்டது. அறைத் தோழி ஷைனிக்கு அது நன்றாக வரும். ஷைனிக்குக் கணினி நிரல் எழுத வராது. காலை டிபனுக்கு முன் ஒரு மணிநேரம் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுக்கிறார்கள். போன வாரத் தேர்வில் ஜெயபிரியா தேறிவிட்டாள். அப்பாவுக்குப் போன் போட்டு மதிப்பெண்ணைச் சொன்னாள்.

“எத்தனைக்கும்மா?” என்று கேட்டார் கரியன்.