வெள்ளை விழுந்த படம்

எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில் லீவுக்குத் திருகோணமலைக்கு வந்தால், தெருவில் கண்டவரெல்லாம் என்ன வேலை என்று கேட்பார்கள். வெடித்த நட்சத்திரங்களை எக்ஸ்ரேயில் பார்க்கிறேன் என்பேன். "ஓ, ஆஸ்பத்திரியிலயோ?" என்பார்கள். அத்தோடு என் வானியல் முடிந்துவிடும்.

எங்கள் எக்ஸ்ரேக்கு முன்னால் யாரும் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பதில்லை. அந்தக் கதிர்கள் விண்வெளியிலிருந்தே வருகின்றன. காற்று அவற்றைத் தடுத்துவிடுவதால், காற்றுக்கு மேலே சுற்றும் தொலைநோக்கிதான் பிடிக்கவேண்டும். பெரிய நட்சத்திரம் வெடித்தால் அதன் மேற்பகுதி வளையமாக விரிந்து போகும். திருகோணமலைக்கும் தம்பலகாமத்துக்கும் இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு மிச்சம் நடுவில் கிடந்து பம்பரமாய்ச் சுழலும், துகள்களைக் காற்றாக வீசும். அந்தக் காற்று மேகம்போல் ஒளிரும். எங்கள் படத்தில் எங்கே வெள்ளையோ அங்கேதான் உயிர்ப்பு அதிகம்.

அம்மாவுக்குத் தெரிந்த எக்ஸ்ரே வேறு. அவருடைய தம்பி சயரோகத்தில் இருமி இருமிப் போனவர். அந்த மாமாவின் நெஞ்சுப் படங்களை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தவர் அம்மா. வெள்ளை விழுந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எழுபதுகள் முடிகிற நேரம், எனக்குச் சம்பூரில் ஓர் ஆசிரியையைப் பேசினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, "வெடிச்ச பிறகு என்ன மிஞ்சும்?" என்று கேட்டாள். அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். என் மனம் அங்கேயே அவளிடம் விழுந்துவிட்டது. "படம் கொண்டுவந்திருக்கிறன். அடுத்த முறை காட்டுறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து அந்த நட்சத்திரப் படத்தின் பிலிம் தாளை எடுத்து, கசங்காமல் இருக்க அம்மாவின் அலுமாரியில் வைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கே தொடங்கியது. அம்மா அதை யன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறார். சுற்றிவர மங்கலாக ஒரு கூடு, நடுவில் வெள்ளை, ஓரத்தில் என் பெயர்.

அதன் பிறகு எனக்கு ராசோபசாரம். காலையில் ஆட்டுப்பால், அரை அவியல் முட்டை, எனக்கென்று தனிக் கோப்பை. வெளிநாட்டுப் பிள்ளை என்று அம்மா செல்லம் கொடுக்கிறார் என நினைத்தேன், மடையன். சம்பூர்ப் பேச்சு நின்றுபோனது. "சாதகம் பொருந்தேல்லையாம்" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். கோபத்தோடு விமானம் ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்து வந்தபோது அம்மா முதலில் கேட்டது, "இப்ப இருமல் இல்லையோ ராசா?"

எந்த இருமல் என்று நான் துருவத் துருவ எல்லாம் வெளியே வந்தது. "நான்தான் பொம்பிளை வீட்டுக்குச் சொல்லிவிட்டனான். சயரோக வருத்தத்தை மறைச்சு ஒரு பிள்ளையின்ர தலையில கட்ட ஏலாது ராசா, பாவம். உனக்கு எப்பிடிச் சொல்லுவன்? என்ர தம்பி தனக்கு அந்த வருத்தம் எண்டு அறிஞ்ச அண்டைக்குத்தான் படுக்கையில விழுந்தவன்."

படத்தை எடுத்து விளக்கினேன். அம்மா அதை மறுபடியும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப இது ஆரின்ர நெஞ்சும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். அவர் செய்தது நேர்மையான காரியம். அதனால்தான் என்னால் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

அதே லீவில் மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் அந்தச் சம்பூர் ஆசிரியையைக் கண்டேன். பக்கத்தில் கணவர், மடியில் குழந்தை. எனக்கு அருகில்தான் இடம் இருந்தது, அங்கே வந்து அமர்ந்தார்கள்.

"நெஞ்சு வருத்தம் இப்ப எப்பிடி? சுகமோ?" என்று மெதுவாகக் கேட்டாள். உண்மையான அக்கறை.

எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். கணவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். இனிச் சொல்லி அவளுக்கு என்ன கொடுக்கப்போகிறேன்?

"ஓம், இப்ப சுகம்" என்றேன்.

"நல்லது" என்றாள். பிறகு, நான் கவனிக்கக்கூடாது என்பதுபோல மெல்ல, குழந்தையைக் கணவரின் மடிக்கு மாற்றினாள்.