நாலாவது கதவு

போன ஜனவரியில், புனேயின் ஏரவாடாவில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. நான் அதே ஊரில் ஔந்த் பகுதிப் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் களப்பணிக்காக அழைத்துப் போயிருந்தேன். அங்கே சந்து சந்தாக இருந்த வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் அதே குடும்பங்களுக்கு அடுக்குமாடி கட்டிக் கொடுத்திருந்தார்கள். புது வீட்டில் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு உண்டு.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணவரின் வேலைக்காகக் கோவையை விட்டு வந்தவள் நான். வந்த சில மாதங்களிலேயே கம்பெனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது. என் இந்தி ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும் அளவுக்குத்தான். மராத்தி அதுவும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரித்துவைப்பேன், எதற்கென்று தெரியாமலே. தமிழ் பேச வேண்டுமென்றால் போனைத்தான் எடுக்க வேண்டும். அதனாலோ என்னவோ, வேலையில் மட்டும் படு கறாராக இருந்தேன்.

அன்றைக்கு நான் போட்டிருந்த விதி இது: ஒவ்வொரு ஐந்தாவது வீட்டில் மட்டும்தான் கேட்க வேண்டும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டக்கூடாது, அடுத்த ஐந்தாவதற்குப் போக வேண்டும். சிரித்த முகமாகப் பார்த்துக் கேட்டால் அது ஆய்வு இல்லை, அரட்டை என்று வகுப்பில் தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன்.

நான்காவது மாடியில் நீளமான நடை. வரிசையாகச் சாத்திய கதவுகள். ஒரே ஒரு கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. கஞ்சி போட்ட புடவையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நான் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தேன். இங்கிலீஷில் பாடம் நடத்தினாலும் எண்ணுவது மட்டும் எனக்குத் தமிழில்தான் வரும். அவர் வாசலில் “நாலு” என்றேன், அடுத்த வாசலில் “அஞ்சு” என்றேன். அங்கே பூட்டு தொங்கியது. அந்த ஆன்ட்டியைக் கேட்கலாமே மிஸ் என்று ஒரு மாணவி கெஞ்சினாள். விதி விதிதான் என்று நகர்ந்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “இன்னா டீச்சர், என்னை நாலுன்னு எண்ணிட்டு அப்பிடியே போறீங்களே. நாலாவது வூட்டுக்குக் கேள்வி கெடையாதா?”

தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரு வாசலில் என்னைத் தமிழில் ஒருவர் நிறுத்தியது அதுதான் முதல் முறை.

“இல்லைங்க, வேணும்னு விடலைங்க. அஞ்சாவது வீட்டுலதான் கேக்கோணும்னு ஒரு முறைங்க” என்றேன்.

“பசங்க கேட்டுனு வர்றாங்கன்னு கீழ சொன்னாங்க. காலையிலயே குளிச்சி ரெடியாயி ஒக்காந்துனு கீறேன். சாய் கூட போட்டு வச்சிட்டேன்.”

எட்டிப் பார்த்தேன். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டில் பிஸ்கட். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆனாலும் வாத்தியார் புத்தி போகுமா? “உங்ககிட்டக் கேட்டா அதைக் கணக்குல சேர்த்த முடியாதுங்களே” என்றேன்.

“சேக்காதீங்க. சும்மா கேளுங்க.”

கூட வந்த விளையாட்டு ஆசிரியரோடு பிள்ளைகளை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எல்லாக் கேள்வியையும் ஒன்று விடாமல் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் மிக நன்று. தண்ணீர், வெளிச்சம், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் ஐந்து கொடுத்தார். ஊரை விட்டுப் பிழைக்க வந்த நாளிலிருந்து பார்த்த ஒழுகும் தகரமும் பொதுக் கழிப்பறை வரிசையும் ஒழிந்ததே போதும் என்றார். கடைசிக் கேள்வி, அக்கம்பக்கத்தாரோடு பழக்கம் எப்படி? அதற்கு மட்டும் எண்ணை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“குலுக்கல்ல வூடு குடுத்தாங்க டீச்சர். பழகுன ஜனம் ஒண்ணு மேல, ஒண்ணு அடுத்த பில்டிங்ல. இங்க காலையில கதவ சாத்திக்கினு எல்லாம் வேலைக்குப் போயிடுது. எம்புள்ள போசரி பக்கம் ஒரு கம்பெனில நைட் ஷிப்ட், பகல்ல தூங்குவான். நான் லிப்ட்ல கீழ போவேன், திரும்ப மேல வருவேன். ஒரு வேலையும் இல்ல. யாராச்சும் கூட ஏறுவாங்கல்ல, அதுக்குத்தான்.”

பிறகு கேட்டார். “உங்க பில்டிங்ல எப்பிடி? நீங்க எத்தினி போடுவீங்க?”

பரவாயில்லைங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “ஒண்ணுங்க” என்று வந்துவிட்டது. தினமும் போனில் கணவரிடம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். முன்பின் தெரியாத வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் டம்ளரில் சாயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

கிளம்பும்போது, கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே என்றேன். வாசல் வரைக்கும் கூட வந்தார்.

“இன்னிக்கு மட்டும் அஞ்சு போட்டுக்கோங்க.”

பிள்ளைகளின் வரைபடங்களில் அந்த ஐந்து இல்லை. இருக்கவும் கூடாது, விதி அதுதான். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அழைப்பு மணி வரைக்கும் விரலைக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். ஒரு மனுஷி தன் வாசலில் நின்று, என்னையும் கேளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.