ஆடு ஒதுங்காத நிழல்

மூட்டுவலியால் என் மனைவிக்குப் பேருந்துப் படி ஏற முடியவில்லை. ஓய்வூதியத்துக்குள் அடங்கும் பழைய சின்னக் கார் ஒன்றைத் தேடினேன். முப்பது ஆண்டு வாகனப் பதிவுக் கோப்புகளைப் பார்த்தவனை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்பது என் எண்ணம்.

கயத்தாறு பக்கம், கரிசல் காட்டோரம் கார் நின்றது. பதிவுச் சான்று, காப்பீடு எல்லாம் சுத்தம். சேசிஸ் எண்ணும் பளிச்சென்று இருந்தது. விலையோ பாதி.

“பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்புட்டு பாக்க மாட்டாவ அண்ணாச்சி” என்று சிரித்தார் உரிமையாளர்.

உச்சி வெயில். மேய வந்த ஆடுகள் என் குடை நிழலுக்குக்கூட முண்டின. காரின் நிழலில் மட்டும் ஒன்றும் ஒதுங்கவில்லை. மேய்ப்பவர் விரட்டிப் பார்த்தும் பின்வாங்கின.

“இந்த நெழலு மட்டும் இதுகளுக்கு ஆவாது” என்றார் அவர்.

நானும் இரண்டடி பின்வாங்கினேன். ஆடு ஒதுங்காததற்கு எந்த விதியிலும் படிவம் கிடையாது. “சேசிஸ் நம்பர்ல ஒண்ணு சரியா தெரியலியே” என்று உரிமையாளரிடம் புளுகினேன்.

அவர் சிரிப்பு நின்றது. “முன்னால வந்த மூணு பேரும் இதையேதான் சொன்னாவ. நீங்களாவது கொண்டு போயிருவியன்னு நெனைச்சேன்.”

இன்றும் மனைவியைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றுகிறேன். அந்தக் காரில் என்ன நடந்தது என்று எங்கள் நால்வரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உரிமையாளர் சொல்லியிருப்பார்.