வாத்துக்குள் போன வெண்டல்

ஆர்லிஸ் ஹேகடார்னைத் தூரத்தில் கண்டாலே ஹோல்பெர்க் கல்லூரி ஆட்டக்காரர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். அது சொந்தக் காசில் வாங்கிய காபியாகத்தான் இருக்கும், ஆனாலும் வைத்துவிடுவார்கள். கொட்டும் மழையில் ஓடிக்கொண்டிருந்த ஓட்டக்காரி ஒருத்திக்கு வேதியியல் பேராசிரியர் குடை பிடித்தபோது, காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, "எல்லா மாணவர்களுக்கும் இப்படிப் பிடிப்பீங்களா சார்?" என்று கேட்டவள் அவள். பேராசிரியர் யோசித்துப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினார். இருவரும் நனைந்தார்கள். விதி நனையவில்லை.

அவள் அந்தக் கல்லூரிக்குத் தட்டச்சு செய்யத்தான் வந்தாள். காசுக்கு ஆடாத கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு, மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத எதையும் யாரும் கொடுக்கக்கூடாது என்று சொல்லும் விதிப்புத்தகம் விளையாட்டுச் சங்கத்திலிருந்து ஆண்டுதோறும் செங்கல் கனத்தில் வந்து இறங்கும். அதைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு குளிர்காலத்தில் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட ஆர்லிஸ், வீட்டில் படிக்க வேறொன்றும் கிடைக்காமல் அதைப் படித்தாள். ஆட்டக்காரனுக்கு ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்தால் அது நொறுக்குத்தீனி, கொடுக்கலாம். அதன்மேல் ஜாம் தடவினால் சாப்பாடு, கொடுக்கக்கூடாது. இந்த இடம் வந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தில் இத்தனை பேர் உட்கார்ந்து ஜாமைப் பற்றி யோசித்திருக்கிறார்களே என்று மரியாதை பிறந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஆளைக் கல்லூரி விதி அதிகாரி ஆக்கிவிட்டது.

அவள் புருஷன் டுவேன் ஊரின் ஒரே மெத்தைக் கடைக்காரன். கொடுப்பதற்கென்றே பிறந்த கை அவனுக்கு. தபால்காரர் இடுப்பைப் பிடித்தால் தலையணை கொடுப்பான். சவ அடக்கம் செய்கிறவருக்குக்கூட ஒரு தடவை மெல்லிய மெத்தை ஒன்றைக் கொடுத்து, "பெட்டிக்குள்ள போடுங்க, செத்தவருக்கு முதுகுவலி இருந்துச்சு" என்றான். ஆட்டக்காரர்கள் யாருக்கும் ஒரு துணுக்குப் பஞ்சுகூடக் கொடுக்கக்கூடாது என்று ஆர்லிஸ் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கல்யாண சத்தியத்தைவிட அதைத்தான் அவள் அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

எண்பதுகளின் நடுவில் ஓர் அக்டோபர் காலை. சோளக்காட்டில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆர்லிஸ் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வளைவு திரும்பியதும் வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு முகம் தூங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை மெத்தைக்கு வெளியே அடிமரம் மாதிரித் தொங்கியது. விளம்பரப் பலகையின் கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் வெண்டலையே தாங்குது. உங்களைத் தாங்காதா? ஹேகடார்ன் மெத்தைகள்.'

ஆர்லிஸ் காரை நடுச்சாலையிலேயே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த தானிய லாரி ஹாரன் அடித்துப் பார்த்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, அவள் பார்க்கும் திசையைத் தானும் பார்த்து, "நல்ல தூக்கம்" என்றார்.

வெண்டல் ஓல்ட்மன்ஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தில், முன்வரிசை ஆள். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடமாட்டான்; பந்து வைத்திருப்பவனை யாரும் தொடாதபடி எதிரில் வருகிறவனை முட்டிச் சாய்ப்பதே அவன் வேலை. பன்றிப் பண்ணையில் வளர்ந்தவன், மலை மாதிரி உடம்பு, எலி மாதிரிக் குரல். ஆட்டக்காரன் ஒருவனுடைய பெயரும் முகமும் கடைச் சரக்கை விற்கக்கூடாது என்பது விதிப்புத்தகத்தின் மூலமந்திரம்.

ஆர்லிஸ் அலுவலகத்துக்குப் போகவில்லை. நேரே கடைக்குப் போனாள். டுவேன் அவளைப் பார்த்ததும் ஒரு மெத்தைக்குப் பின்னால் போய் நின்றான்.

"பார்த்துட்டியா?" என்றான்.

"பக்கத்து மாவட்டத்துல இருந்தே தெரியுது டுவேன்."

"விளம்பரத்தைப் பத்தி நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. விடுதிக் கட்டில் பத்தாம, காலை நாற்காலியில வெச்சுத் தூங்குறானாம். மெத்தை விலை கேட்க வந்தான். படுத்துப் பாருன்னு கைதான் காட்டினேன். படுத்தான். சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கலை."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"எப்படி எழுப்புறது? ஊரே வந்து பார்த்துட்டுப் போகுது. பார்த்தவங்க எல்லாம் அதே மெத்தை வேணும்னு கேட்குறாங்க. சரின்னு ஒரு போட்டோ எடுத்தேன். எழுந்ததும் மெத்தையை நீயே வெச்சுக்கப்பான்னேன். அவ்வளவுதான்." டுவேன் மெத்தைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "அவன் தூங்கிட்டு இருந்தான் ஆர்லிஸ். தூங்குறவன் எப்படி விதியை மீறுவான்?"

அந்தக் கேள்வி அவளைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"உன்னைப் பத்தி நான் சங்கத்துக்குச் சொல்லியாகணும்."

"சொல்லு. கடை பேரையும் சேர்த்துச் சொல்லு. அங்கேயும் நாலு பேருக்கு முதுகுவலி இருக்கும்."

வெண்டலைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் வந்து, அவள் அறை நாற்காலியைப் பார்த்து, அதன் மேல் இரக்கப்பட்டு, தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தும் அவள் உயரம் இருந்தான்.

"மெத்தையைத் திருப்பிக் குடுத்துடுறேன் மேடம்."

"படுத்த மெத்தையை அவர் வாங்க முடியாது. மறுபடி விற்கவும் சட்டம் இடம் குடுக்காது."

"அப்ப நான் வீட்டுக்குப் போயிடட்டுமா? பண்ணையில பன்றி பார்த்துக்க ஆள் இல்லைன்னு அப்பா சொல்லிட்டே இருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இங்க வந்து முதல் தடவையா இப்பதான் மேடம் நல்லாத் தூங்குறேன். புவியியல்ல பாஸ்கூட ஆயிட்டேன்."

ஆர்லிஸ் அவனுக்கு ஒரு காகிதக் கைக்குட்டை கொடுக்கப் போனாள். பாதியில் கை நின்றது. பிறகு, மூக்கொழுகும் எந்த மாணவனுக்கும் அவள் இதைக் கொடுப்பாள் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கொடுத்தாள்.

தண்டனை என்னவென்று கல்லூரியே முதலில் முடிவுசெய்து சங்கத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். குழு கூடியது. தலைமை வகித்தவர் தத்துவப் பேராசிரியை தோர்ஷெய்ம். எதிர்ப்புறம் பயிற்சியாளர் பர்டெட். வெண்டல் நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகுதான் அணி ஜெயிக்க ஆரம்பித்தது என்பது அவர் கணக்கு. ஆர்லிஸ் நடுவில், வெண்டல் சுவரோரம் தரையில். தன் புருஷன் சம்பந்தப்பட்ட விஷயம், தான் விலகிக்கொள்கிறேன் என்று எழுந்தாள். விதி தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்று மறுபடி உட்காரவைத்தார்கள்.

"அடுத்த பயிற்சிக்குக் கடைசி அரைமணி நேரம் அவன் வரக்கூடாது. கடுமையான தண்டனைதான், ஆனா தாங்கிப்பான்" என்றார் பர்டெட்.

"முதல்ல இதைத் தெளிவுபடுத்துங்க," என்றார் தோர்ஷெய்ம். "உறங்குபவனுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா?"

"தூங்கினது குத்தமில்ல மேடம்," என்றாள் ஆர்லிஸ். "எழுந்து மெத்தையைத் தூக்கிட்டுப் போனானே, அதுதான் குத்தம்."

"தனி ஆளாத் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போனான். வழியில எங்கேயும் இறக்கலை," என்று பெருமையோடு சேர்த்துக்கொண்டார் பர்டெட்.

பேச்சு இழுபறியாகவே போனது. முழுப் பருவமும் ஆடக்கூடாது என்றால், தூங்கினதற்காக அவனைப் பண்ணைக்கே திருப்பி அனுப்புவதாகும். விட்டுவிட்டாலோ, நாளைக்கு ஒருவன் குளிர்சாதனப் பெட்டி மேல் தூங்குவான். கடைசியில் ஆர்லிஸ் பையனைப் பார்த்தாள்.

"உனக்கு எது நியாயம்னு படுது?"

வெண்டல் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். மறுபடி தூங்கிவிட்டானோ என்று தோர்ஷெய்ம் குனிந்து பார்த்தார்.

"என் மூஞ்சியாலதான் எல்லாம் வந்துச்சு. மூஞ்சியைக் கொஞ்ச நாள் வெளியில காட்டாம இருந்துடுறேன்."

அப்போது பர்டெட், வேறு எதையோ நினைத்துக்கொண்டு, "வாத்து வேஷம் போடுற பொண்ணு காலைச் சுளுக்கிக்கிட்டாளாம். சனிக்கிழமைக்கு வாத்து இல்ல" என்றார். ஹோல்பெர்க் அணியின் சின்னம் வாத்து; ஆட்டத்தின்போது ஒருவர் வாத்து உடுப்புக்குள் நின்று கூட்டத்தை உற்சாகப்படுத்துவது வழக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் வெண்டலைப் பார்த்தார்கள்.

அப்படித் தீர்ப்பானது: மூன்று ஆட்டங்களுக்கு வெண்டல் ஆடக்கூடாது, அந்த மூன்றுக்கும் வாத்தாக நிற்க வேண்டும். மெத்தை தீயணைப்பு நிலையத்துக்குத் தானம். விளம்பரப் பலகை இறங்கும். டுவேன் ஹேகடார்ன் அந்தப் பருவம் முழுக்க மைதானத்துக்குள் காலடி வைக்கக்கூடாது. இந்தக் கடைசி வரியைத் தட்டச்சு செய்யும்போது மட்டும் ஆர்லிஸுக்கு இரண்டு எழுத்துப் பிழைகள் வந்தன.

சங்கத்து அதிகாரி தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்த வாத்துக்கு மதியச் சாப்பாடு குடுக்குறீங்களா?" என்று மட்டும் சந்தேகம் கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப சரி."

வாத்து உடுப்பு ஒல்லிப் பெண்ணுக்காகத் தைத்தது. வெண்டலுக்கு முழங்காலோடு நின்றது. ஆட்டக்காரனுக்குத் துணி தைத்துக் கொடுப்பது சலுகை ஆகாதா என்று ஆர்லிஸ் ஒரு மத்தியானம் முழுக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். உடுப்பு கல்லூரியுடையது, தான் தைப்பது வாத்துக்கு, வெண்டலுக்கு அல்ல என்று முடிவுக்கு வந்தபின் ஊசியைக் கையில் எடுத்தாள்.

முதல் ஆட்டத்தில் வாத்து அரைமணி நேரம் அசையாமல் நின்றது. வைக்கோல் பொம்மை என்று ஒரு காக்கை அதைச் சுற்றிப் போனது. பிறகு மைதானத்தில் பந்து கை மாறியது. வாத்துக்குள் இருந்தவனுக்குப் பழக்க தோஷம். குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, எதிரே நின்றதை முட்டினான். எதிரே நின்றது எதிரணியின் சின்னமான நரி. நரி பறந்துபோய் வாத்தியக்குழுவில் ஒருவர் வைத்திருந்த, அண்டா வாய் கொண்ட பித்தளை ஊதுகுழலுக்குள் தலைகுப்புற விழுந்தது. வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை, நரியோடு சேர்த்தே வாசித்தார். அரங்கு எழுந்து நின்றது. வாத்து பயந்துபோய் ஓடி, நரியைக் குழந்தை மாதிரித் தூக்கி, மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தது. அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

அணி தோற்றது. யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாத்தின் முதுகில் சறுக்க வரிசை நின்றது. வேலிக்கு வெளியே டுவேன் தன் கடை வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, கூரை மேல் மெத்தை போட்டுப் படுத்தபடி பார்த்தான். மைதானத்துக்குள் காலடி வைக்கக்கூடாது என்றுதானே தீர்ப்பு. அவன் காலே தரையில் இல்லை. ஆர்லிஸ் வேலியோரம் போய் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, இதுவும் தப்பா?" என்றான்.

"தப்பில்ல. போர்வை எடுத்துக்கிட்டியா? காத்து அடிக்குது."

அந்த வாரம் கோழிக்குஞ்சு வியாபாரி ஒருவர் ஆர்லிஸைக் கூப்பிட்டார். வாத்தை வைத்து ஒரு விளம்பரம் எடுக்கலாமா என்றார். ஆட்டக்காரனின் முகம் கூடாது என்றுதான் விதி. வாத்தின் முகத்தைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தலை சுற்றியது. "உள்ள யாருன்னு ஊருக்கே தெரியும் சார், அதனால முடியாது" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில் வாத்து படியேறி வந்து, டுவேனுக்குரிய காலி இடத்தில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த வரிசையே ஒருமுறை ஏறி இறங்கியது. அலகுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மேடம், இது தண்டனைதானே?"

"ஆமா. ஏன்?"

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அது தப்பில்லையே?"

ஆர்லிஸ் மனசுக்குள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினாள். "பிடிக்கக்கூடாதுன்னு எங்கேயும் போடலை," என்றாள். "ஆனா வெளியில சொல்லிக்காதே. பர்டெட்டுக்கு மனசு கஷ்டப்படும்."

நான்காவது ஆட்டத்தில் வெண்டல் சொந்த முகத்தோடு களமிறங்கினான். அரங்கில் சின்ன முணுமுணுப்பு. வாத்து எங்கே என்று ஒரு குழந்தை அழுதது. எதிராளி ஒருவனைச் சாய்த்த வேகத்தில் அவன் தன்னை மறந்து இரண்டு கையையும் இறக்கை மாதிரி அடித்துவிட, நடுவர் விசில் ஊதி அபராதம் விதித்தார். அபராதத்துக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "அநாவசிய வாத்து" என்றார். பர்டெட் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு பெண்கள் கூடைப்பந்தில் வெண்டல் தானாக முன்வந்து வாத்தானான். சுளுக்குச் சரியான பெண், தனக்குப் படிப்பு இருக்கிறது என்று சந்தோஷமாக விட்டுக்கொடுத்தாள்.

தீயணைப்பு நிலையத்தில் மெத்தைக்கு முறை வைத்துப் படுத்தார்கள். அதில் படுத்தவரை மணியடித்து எழுப்ப முடியவில்லை என்று, அதைக் கடைசியில் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் டுவேனை உள்ளே விட்டார்கள். முதல் சனிக்கிழமை அவன் ஒரு பஞ்சுத் திண்டோடு வந்தான். அன்றைக்குக் குளிரில் இரும்பு இருக்கை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. பக்கத்தில் பண்ணையிலிருந்து வந்திருந்த வெண்டலின் அம்மா, உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். டுவேன் திண்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். ஆர்லிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"விதியில அம்மாவும் சேர்த்தியா?" என்றான்.

"அம்மாவும் சேர்த்திதான்."

"பரவால்லங்க," என்றாள் அந்த அம்மாள். "நீங்களே போட்டு உட்காருங்க."

"நீங்க குளிர்ல இருக்கும்போது நான் எப்படிங்க உட்கார்றது? ஆர்லிஸ், நீ உட்காரு."

"நான் மட்டும் எப்படி?" என்றாள் ஆர்லிஸ்.

மூவரும் வெறும் இரும்பின் மேல் நடுங்கிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார்கள். திண்டு தனக்கென்று ஓர் இடம் பிடித்து, நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.