மூச்சு கலந்த 'ஆ'

இல்லாத ஊர் ஜனங்களுக்குப் பேச்சு உண்டாக்கிக் கொடுப்பது என் தொழில். "பொண்ணு இன்னா வேலை பண்ணுது?" என்று சொந்தக்காரர்கள் கேட்டு, பதில் சொல்ல முடியாமல் நீங்களும் முழித்திருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஒரு கேம் கம்பெனிக்காக, அவர்கள் கதையில் வரும் மலைநாட்டுக்கு நான் மொழி செய்த கதை இது.

கதவுக் கீல்

அந்த மொழியில் உயிரொலிகள் ஐந்தே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று குரல். 'ஆ'வைத் தெளிவாகச் சொல்லலாம். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல மூச்சு கலந்து சொல்லலாம். தூங்கி எழுந்ததும் பேசுவதுபோலக் கரகரவென்றும் சொல்லலாம். 'லேமா' தெளிவாக வந்தால் தண்ணீர், மூச்சு கலந்தால் மகள், கரகரத்தால் பொய்.

எல்லாவற்றையும் என் தொண்டையில்தான் சோதிப்பேன். ஆம்பூரில் நான் குடியிருக்கும் மாடியில் ஒரு காலை, கரகர 'ஆ'வை விதவிதமாக இழுத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர், தோல் வியாபாரி ரஹீம் பாய், கையில் கிண்ணத்தோடு படியேறி வந்தார். "கதவு கீலு பேஜார் பண்ணுதேன்னு எண்ணெய் எடுத்தாந்தேன். நீயாம்மா அது?"

பஸ்ஸில் ஒரு ராணி

மலைநாட்டு ராணிக்கு மூச்சுக் குரல்தான் ஜாஸ்தி. குரல் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் ரகசியம் பேசுவதுபோலப் பேசினார்கள். அப்போதுதான் டவுன் பஸ்ஸில் செல்வராணி அக்காவின் குரலைக் கேட்டேன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, "ஒரு டிக்கெட்" என்பதில்கூடப் பாதி காற்று.

உங்கள் குரல் வேண்டும், ஆனால் முதலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "குரல் நல்லாருக்குன்றியா, இல்ல ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கிறியா?"

தோல் குடோன்

பாயின் குடோனில் தோல் அடுக்குகளுக்கு நடுவே எதிரொலியே இருக்காது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் அருமையான ஒலிப்பதிவு அறை. என் மொழியில் ஒரு விதி உண்டு: சொல்லின் முதல் உயிரில் மூச்சு கலந்தால் கடைசி உயிர்வரை கலந்தே போக வேண்டும். எழுதியபோது அழகாகத்தான் இருந்தது. ராணிக்குக் குரல் கொடுக்கச் சம்மதித்து வந்த அக்கா ஒரு நீளச் சொல்லின் பாதியில் மூச்சு தீர்ந்து, தோல்மேலேயே சாய்ந்துவிட்டாள். அன்றே ராணியின் சொற்களையெல்லாம் வெட்டிச் சின்னதாக்கினேன். அக்கா கேட்டது நியாயம்தான்: "இவ்ளோ நீட்டு வார்த்த பேசினா அந்த ராணி எப்டிம்மா உயிரோட இருப்பா?"

பேசாத நாட்கள்

பாதிப் பதிவில் ஒரு நாள் அக்காவுக்குக் குரலே வரவில்லை. டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட்டிருந்தாள். வேலூருக்குக் கூட்டிப்போனேன். கத்தியதால் குரல்நாணில் சின்னக் காய்ப்பு, பயமில்லை, பேசாமல் இருந்து, பிறகு குரல் பயிற்சி செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். குணமானால் அந்த மூச்சுக் குரல் போய்விடும். கேம் கம்பெனியோ வேறு ஆளைப் பார் என்றது. கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். பேசக்கூடாது என்பதால் அக்கா போனில் தட்டிக் காட்டினாள்: "ராணிய வேற யாருக்கும் குடுத்துடாத."

தண்ணீரே!

ஷூ கம்பெனியில் அக்காவைக் கத்த வேண்டாத செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். குரல் கணீரென்று திரும்பியது. குடோனுக்கு வந்தாள். மலை விளிம்பில் நிற்கும் மகளை ராணி பதறிக் கூப்பிடும் காட்சி. "லேமா!" என்றாள், மூச்சே கலக்காமல். தண்ணீரே! இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டோம். அதன்பின் பயிற்சி கொடுத்தவரிடமே கேட்டு, தொண்டை நோகாமல் மூச்சு கலக்கப் பழகினாள். வாய்க்கு முன்னால் கையை வைத்து, சூடு படுகிறதா என்று பார்த்துப் பார்த்து. ஒரு மாலை 'லேமா' சரியாக மகளாகவே வந்துவிட்டாள். அக்கா கையை இறக்கினாள். "முன்ன வியாதியா வந்துச்சு, இப்ப வேலையா வருது."

சுடுதண்ணி

கேம் வெளியானதும் அக்கா வீட்டுக்குப் போய் என் போனில் போட்டுக் காட்டினேன். ராணி பேச ஆரம்பித்தாள், அக்காவின் பழைய குரலில். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். சமையலறையில் என்னவோ விழுந்தது. அவள் கணவர் சொம்போடு ஓடிவந்தார். "தொண்ட மறுபடி போச்சா? யாரு உன்ன கத்தச் சொன்னது? இந்தா, சுடுதண்ணி குடி மொதல்ல!"

மூன்று குரலில் ஒரு மொழியையே செய்துவிட்டேன் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதில் ஒரு சொல்கூடத் தெரியாத மனுஷன் அந்தக் குரலை மட்டும் கேட்டு, சொம்போடு வந்து நிற்கும்வரை.